குணம் என்ற கட்டத்தில் ஒரு வரி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

போனில் என் எண்ணைப் பார்த்தாலே எடுக்கமாட்டாய் என்று தெரிந்துபோய், உன் லிஃப்ட் கம்பெனி ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி இந்த முகவரியை வாங்கினேன். கிழித்துப் போடுவதென்றாலும் கடிதத்தை ஒருமுறை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாளை பள்ளி திறக்கிறது. எனக்கு இருபத்தாறாவது வருஷம். இன்று காலையிலிருந்து என் ஐந்தாம் வகுப்பு அறையில்தான் கிடந்தேன். பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், இன்னும் காயவில்லை. நாளைக்கு நாற்பது பாவாடையும் டிரவுசரும் அதில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள். ஜன்னல் கொக்கியைப் போன வருஷமே மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. எப்போதும் இந்த நாளில் எனக்குப் புதுப்பெண் மாதிரி ஒரு பரபரப்பு வரும். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுப் பெயர்களை எழுதும்போது, எந்தப் பெயர் எந்த முகமாக இருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன். இந்த வருஷம் கோடு போட்டேன், எழுதினேன், மூடி வைத்தேன். அவ்வளவுதான்.

நாளைக் காலை ஆசிரியர் அறையில் கைமாற்றுத் தாள்களைக் கொடுத்து வாங்க வேண்டும். அதைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். படிப்பு, உடல்நலம், குணம் என்று மூன்று கட்டம். பழைய டீச்சர் எழுதிக் கொடுக்க வேண்டும், புது டீச்சர் படித்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பிள்ளை பள்ளி மாறினால் தாளும் மாற்றுச் சான்றிதழோடு கூடவே போகும். நல்லதுக்காகத்தான் அப்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். என் நாற்பது தாள்களிலும் இந்தத் தடவை குணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் குணமே இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பெரிய டீச்சர் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். அவருடைய தலைமையாசிரியர் நாற்காலி எனக்குத்தான் என்று பேச்சு. நீ இருந்திருந்தால் கேலி செய்தே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

உன் மகள், நம் வாயாடி, எப்படி இருக்கிறாள்? அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டாயா? நடந்ததற்கு நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதே. ஆனால் எல்லாப் பழியையும் என் ஒருத்தி தலையில் கட்டுவது நியாயமா என்றும் யோசித்துப் பார். ஆறாம் வகுப்பு டீச்சருக்குக் கண் இல்லையா? நான் எழுதியது ஒரு வரி. அதைப் படித்தவர் தன் புத்தியையும் கொஞ்சம் செலவழித்திருக்கலாம்.

ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிறாய். ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூன் 6

ஆசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்களிடமிருந்து எங்களுக்கு ஒரு வரி வந்து அதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஆகவே நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். நவம்பரில் மூன்று வாரம் என் மகள் வலது காது வலிக்கிறது என்று சொன்னாள். ஆறாம் வகுப்பு டீச்சர் உங்கள் தாளைப் படித்திருந்ததால், "சரி சரி, உக்காரு" என்றார். நான்காவது வாரம் சீழ் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வரை போயிருந்தது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்தக் காது இனிமேல் கேட்காது. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.

இங்கே ஏழாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். மூன்றாம் நாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒருத்தி என் மகளின் வலது பக்கமாக வந்து நின்று எதையோ முணுமுணுத்துவிட்டு, "சொல்லு, இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கிறாளாம். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். என் மகள் போய்ப் புகார் சொல்லியிருக்கிறாள். புது டீச்சர் நல்ல பெண்தான், சின்ன வயது. என்னிடம் தாளைக் காட்டி, "உங்க பொண்ணு கொஞ்சம் ஜோடிச்சுப் பேசுவான்னு போட்டிருக்கே சார், அதான் யோசிக்கறேன். சொந்த அத்தையே எழுதியிருக்காங்களாமே?" என்றார்.

"கெட்டிக்காரி. ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்வாள். சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்." முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். லிஃப்டுக்குள் ஆபத்து மணி ஒன்று இருக்கும். பத்துத் தடவை அடித்தால் எட்டுத் தடவை பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்ததாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். போகாமல் "சும்மா அடிக்கிறார்கள்" என்று சொன்னால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பத்தாவது வரைக்கும் படித்த மெக்கானிக்குக்கு இந்தச் சட்டம். படித்தவர்களுக்கு என்ன சட்டமோ தெரியவில்லை.

எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். அந்த வரி போக வேண்டும். இந்த மாதம் முப்பதாம் தேதி பழைய தாள்களைப் பார்த்து இங்கே நிரந்தரப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்களாம். ஏற்றிவிட்டால் பள்ளிப் படிப்பு முடியும் வரை அவளைத் துரத்தும். அதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவியின் தந்தை


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

"ஆசிரியர் அவர்களுக்கு" என்பதைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துவிட்டேன். நீ நடைபழகியது என் விரலைப் பிடித்துக்கொண்டு. என்னை "நீங்கள்" என்கிறாய். சரி, எழுது. உன் கையில் குச்சி இருக்கும்போது அடிக்க வேண்டியதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தாளில் ஒருமுறை எழுதிய வரியை அடிக்க முடியாது. அது விதி. திருத்தக் குறிப்பு என்று தனியாக ஒரு தாள் எழுதிச் சேர்க்கலாம். முன்பு எழுதியது ஏன் தவறு என்று காரணம் சொல்ல வேண்டும். எழுதியவரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

பெரிய டீச்சரோடு உட்கார்ந்து பேசினேன். எல்லோருக்கும் ஒத்து வருகிற மாதிரி ஒரு வாசகம் தயார் செய்திருக்கிறோம்: "மாணவிக்குக் காது மந்தம் இருந்தது பின்னர் தெரியவந்தது. பிறர் பேசியதைத் தவறாகக் கேட்டு மாற்றிச் சொல்லியிருக்கலாம்." இதில் அவள் மேல் தப்பில்லை என்று ஆகிறது. உடம்புக் கோளாறுக்கு யார் என்ன செய்ய முடியும்? புது டீச்சருக்கும் இரக்கம் வரும். யாருக்கும் சேதாரமில்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுநாளே அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மனசு ஆறவில்லை. நவம்பரில் நீ என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டதை உன் கடிதத்தில் எங்கேயும் காணோம். எல்லா உண்மையையும் எழுதுகிறவன் அதையும் எழுதியிருக்கலாம். கிளற வேண்டும் என்று சொல்லவில்லை. நானும் மனுஷிதான், எனக்கும் வலிக்கும் என்று சொல்கிறேன்.

இங்கே பள்ளி திறந்து பத்து நாளாகிறது. ஒரு பெண் வயிறு வலிக்கிறது என்று வந்தாள். உடனே வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் இன்னும் நாலு பேருக்கு வயிற்றுவலி. அவர்களையும் அனுப்பினேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று பிள்ளைகளே பேசிக்கொள்கிறார்கள்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

சொல்லிக் காட்டிவிட்டாய். எப்போது சொல்லிக் காட்டுவாய் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தேன். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

ஆமாம், உன்னைக் கூப்பிட்டேன். "காது வலிக்குதுங்கறா அக்கா, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டேன். "பரீட்சை வருதுல்ல, அதான். கண்டுக்காம விடு, தானாச் சரியாயிடும்" என்றாய். பக்கத்தில் நின்ற என் மனைவி, "எம் பொண்ணு வலிய நடிக்க மாட்டா" என்றாள். நான் அவளைப் பார்த்து, "எங்கக்கா இருபத்தஞ்சு வருஷமா பிள்ளைங்களோட மாரடிக்கறவ. உனக்கென்ன தெரியும்?" என்றேன். அப்படியே இந்த வார்த்தைகள்தான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவள் இதைத் திருப்பிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கிறாள், "போய்ட்டு வாங்க" என்கிறாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

என் பங்கை எழுதிவிட்டேன். இப்போது உன் வாசகத்துக்கு வருகிறேன்.

என்ன அருமையான வாசகம்! காது கெட்டது நவம்பரில். நீ அந்த வரியை எழுதியது அதற்கு முந்தின ஏப்ரலில். ஏப்ரலில் அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது. நான் மாடிப்படியில் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டே கதவைத் திறப்பாள். காதையும் போகவிட்டு, அந்தக் காதின் மேலேயே பழியையும் போடுகிறீர்களா? பொய் சொல்கிறாள் என்பதற்குப் பதிலாக இனிமேல் தப்பாகக் கேட்கிறாள் என்பார்கள். இரண்டில் எதுவானாலும் அவள் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை. உன் இரக்கத்தை நீயே வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். "இல்லாததை இருப்பதாகச் சொல்வாள்" என்று எழுதினாயே, அவள் உன்னிடம் சொன்ன ஒரே ஒரு பொய்யைச் சொல். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். வீட்டில் பென்சில் தொலைந்தால்கூட நான்தான் தொலைத்தேன் என்று வந்து நிற்கிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் அப்படி என்ன பொய் சொல்லிவிட்டாள்? ஆறு மாதமாக நானும் என் மனைவியும் தனித்தனியாக யோசித்துப் பார்த்துவிட்டோம். எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பது நாளாக ஒரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. இருந்தால்தானே கிடைக்கும்?

எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி துணிச்சல் வராது.

அவள் என் வகுப்பில் இருந்த வருஷம் பிப்ரவரியில் ஆய்வாளர் வந்தார். வாசிப்புச் சோதனை. என் வகுப்பில் மூன்று பேருக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. முந்தின நாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அந்த மூணு பேரும் நாளைக்கு வகுப்புல இருந்தா நம்ம மானம் கப்பலேறிடும்" என்றார். நான் அந்த மூன்று பிள்ளைகளிடமும் நாளைக்கு வர வேண்டாம், காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றேன். சாயங்காலம் மணி அடித்த பிறகு, கதவருகில் நின்று சொன்னேன். உன் மகள் பையை மாட்டிக்கொண்டு எனக்காக அங்கேயே காத்திருந்தாள். இருவரும் சேர்ந்து நடந்து வந்து, உன் வீட்டில் அவளை விட்டுவிட்டுத்தானே நான் என் வீட்டுக்குப் போவேன்.

மறுநாள் ஆய்வாளர் காலி இடங்களைப் பார்த்து, "இவங்க மூணு பேரும் எங்கே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் எழுந்து நின்றாள். "டீச்சர்தான் வர வேணாம்னு சொன்னாங்க சார்" என்றாள். போட்டுக்கொடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை. கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லப் பழக்கியவளே நான்தான்.

சிரித்தேன். "இவ என் தம்பி மக சார். கதை கட்டறதுல பெரிய ஆளு. வீட்லயும் இப்படித்தான்" என்றேன். அவரும் சிரித்தார். "அப்ப குறிச்சு வைங்க டீச்சர், அடுத்த வகுப்புக்குப் போறப்போ உதவும்" என்றார். ஏப்ரலில் தாள் எழுதும்போது பெரிய டீச்சர் பின்னால் வந்து நின்றார். ஆய்வாளர் திரும்பி வந்து தாளைப் பார்த்தால் என்ன செய்வது என்று பயந்தேன். எழுதிவிட்டேன். என் பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு வரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எழுதியது பழகிப்போய், நவம்பரில் நீ கூப்பிட்டபோது நானே அதை நம்பிவிட்டிருந்தேன். அதுதான் என்னைக் கொல்கிறது. உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நான் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே பரீட்சை பயம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் காரணமாக எழுதித் திருத்தக் குறிப்பைப் பெரிய டீச்சரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு மேஜையில் குப்புறக் கவிழ்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். எனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு டீச்சர். உங்களுக்குப் பன்னெண்டு வருஷம் இருக்கு" என்றார். நான் என் கையெழுத்தை மட்டும் போட்டு, உன் மகளின் புதுப் பள்ளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. நாற்காலிப் பேச்சு முடிந்துவிட்டது. விசாரணை வரும். வரட்டும். ஆசிரியர் அறையில் நேற்றிலிருந்து யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

வாயாடியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு. எதையும் மறைக்காதே. அடுத்த ஞாயிறு நான் அங்கே வரலாமா?

அக்கா


ஜூலை 1

அக்கா,

உன் திருத்தக் குறிப்பு இருபத்தெட்டாம் தேதி வந்து சேர்ந்தது. புது டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கையெழுத்துதான் இருந்தாலும், எழுதியவரே தப்பென்று சொன்ன பிறகு ஏற்ற முடியாது என்று பதிவேட்டில் குணம் என்ற இடத்தில் அந்த வரியை ஏற்றவில்லை. கேலி செய்த பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். என் மகளை முதல் வரிசையில், வலது பக்கச் சுவரோரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். நீ செய்தது பெரிய காரியம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ சொன்னபடி கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து படித்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். முழுக்கக் கேட்டுவிட்டு என் மகள், "அப்ப அது நெஜமாவே நடந்துச்சாப்பா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதையும் மறைக்காதே என்று எனக்கு எழுதினாய். நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஆய்வாளர் போன பிறகு, அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நீ அவளிடம், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீ கனவு கினவு கண்டியா?" என்று கேட்டாய். அவள், "இல்ல அத்தை, கதவுகிட்ட நின்னு சொன்னீங்க" என்றாள். மறுநாளும் கேட்டாய். அதற்கு மறுநாளும் கேட்டாய். கோபமே இல்லாமல், அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான்டா, நடக்காதது நடந்த மாதிரி இருக்கும்" என்றாய். நாலாம் நாள் அவள், "ஆமா அத்தை, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள். நீ அவளைக் கட்டிக்கொண்டாயாம்.

இதை அவள் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அத்தை அன்பாகத்தான் சொன்னாங்க என்றாள்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. மூன்று வாரம் வலிக்கிறது என்று சொன்னவள், அதற்குப் பிறகு ஐந்து நாள் காதைப் பற்றிப் பேசவே இல்லை. வலி போய்விட்டது, அக்கா சொன்னபடியே ஆயிற்று என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஆறாம் நாள் காய்ச்சலில் அவள் சுருண்டு விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்னாடியே கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டது அந்த ஐந்து நாட்களைத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போதுதான் கேட்டேன். "வலிச்சுச்சுப்பா. ஆனா எல்லாரும் இல்லன்னு சொன்னீங்களா, அதான் இதுவும் நானா நெனச்சுக்கறதுதான்னு இருந்துட்டேன்" என்றாள்.

அவள் அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். என்னிடம் ஒன்று சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் பசிக்கிறதா என்று கேட்டால் இவள் உடனே பதில் சொல்வதில்லையாம். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் பசிக்குதாம்மா?" என்று திருப்பிக் கேட்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வராதே.

தம்பி